விண்ணப்பதாரியின் தொழில்: இல்லை

என் வீட்டுக்குள் அட்டை நுழையக்கூடாது என்று நான் தீர்மானம் எடுத்தது ஒரு திங்கட்கிழமை காலையில், புட்டுக்கும் சொதிக்கும் நடுவில்.

மாரி காலத்தில் வரம்பில் நடக்கும்போது காலில் ஏறுகிற அட்டையைச் சொல்லவில்லை. அதற்கு உப்பைத் தூவினால் விழுந்துவிடும். நான் சொல்வது கடனட்டையை. அதற்கு உப்பும் கிடையாது, புளியும் கிடையாது.

எனக்கு இதில் அனுபவம் உண்டு. பெயர் சிவதர்ஷன். மட்டக்களப்பு நகரத்தில் ஒரு வங்கிக் கிளையில் பதினாறு வருடமாக வேலை. கடந்த ஒரு வருடமாக என் மேசையில் ஒரு சிறிய பெயர்ப்பலகையும் இருக்கிறது: 'விளக்கமளிக்கும் அலுவலர்.'

கடனட்டை யாருக்குக் கொடுப்பது என்று இப்போதெல்லாம் மனிதர்கள் முடிவு செய்வதில்லை. படிவத்தில் இருப்பதைக் கணினியில் ஏற்றுவோம். கொழும்பில் எங்கோ இருக்கிற சிஸ்டம் புள்ளி போடும். நாற்பது விநாடியில் 'ஆம்' வரும், அல்லது 'இல்லை' வரும். 'இல்லை' என்றால் பக்கத்தில் இரண்டு குறியீட்டு இலக்கங்கள் இருக்கும். ஏன் இல்லை என்று ஆட்கள் கருமபீடத்தில் சண்டை பிடிக்கத் தொடங்கியதும், தலைமையகம் ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. காரணம் கேட்கிறவருக்கு அவருடைய மொழியில், அவருக்கு விளங்கும்படி சொல்ல வேண்டுமாம். கிளையில் நல்ல தமிழ் யாருக்கு வரும் என்று தேடினார்கள். பாடசாலை நாளில் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவன் நான் ஒருவன்தான்.

நான் இயற்றிய வாசகம் இது: 'தங்களது விண்ணப்பமானது எமது தன்னியக்க மதிப்பீட்டுப் பொறிமுறையின் நியமங்களுக்கு அமைவுறாமையினால் ஏற்றுக்கொள்ளப்படவில்லை என்பதை மிகுந்த மனவருத்தத்துடன் அறியத்தருகின்றோம்.' மனவருத்தம் என் சொந்தச் சரக்கு. கணினிக்கு அது கிடையாது.

வாழைச்சேனையில் இருந்து மீராசாஹிப் என்று ஒரு படகுக்காரர் வந்தார். கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார்.

"தம்பி, நான் என்ன புழ உட்ட எண்டு இதுல எங்க இரிக்கி?"

"பிழை இல்லக் காக்கா. சிஸ்டம் ஏற்கல்ல."

"ஏன் ஏக்கல்ல?"

"நியமத்துக்கு அமையல்ல."

"அந்த நியமம் என்னத்தயாம்?"

"அது சிஸ்டத்துக்குத்தான் தெரியும்."

கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். "கடலும் மீன் தராட்டி காரணம் செல்றல்ல, தம்பி. ஆனா கடல் எங்கிட்ட அஞ்சு போட்டோக்கொப்பி கேக்கிறல்ல."

நல்ல பகிடி என்று இதை வீட்டில் வந்து சொன்னேன். என் மனைவி யசோதினி சிரிக்கவில்லை. கையில் இருந்த ஊசியில் நூல் கோத்துக்கொண்டு, "அந்த மனிசன் கேட்டது சரிதானே" என்றாள்.

யசோதினி தைக்கிறவள். குருக்கள்மடத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் அவளுடைய இடம். காத்தான்குடியில் ஸஹீதா என்பவர் முஸ்லிம் பெண்கள் உடுக்கிற அபாயாக்களுக்கு ஒரு கடை வைத்திருக்கிறார். அந்தக் கடை அபாயாக்களின் கைகளிலும் கழுத்திலும் வருகிற பூவேலை இவளுடையது. தினமும் காலையில் அந்தப் பொதியை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய் ஸஹீதாவின் கடையில் இறக்கிவிட்டு, கல்லடிப் பாலம் தாண்டி வேலைக்குப் போவேன். ஏழு வருடமாக இறக்குகிறேன். என் எண்ணத்தில் அது அவளுடைய பொழுதுபோக்கு. பொழுதுபோக்கு இவ்வளவு பாரமாக இருக்குமா என்று ஒரு நாளாவது யோசித்தது கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை அவள் புட்டை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"இஞ்சாருங்க, எனக்கு ஒரு கிரெடிட் கார்ட் எடுக்கணும்."

"என்னத்துக்கு?"

"ஸஹீதா ராத்தா பெருநாளுக்கு இருநூறு உருப்படி கேக்கிறா. கையால செய்தா எழுவதுதான் முடியும். பூப்போடுற கொம்பியூட்டர் மெசின் ஒண்டு வாங்கினா முடிச்சிரலாம். கார்ட் இருந்தா வட்டியில்லாம ரெண்டு வருசத் தவணைக்குத் தாறாங்களாம்."

"மெசின் இல்லாட்டி?"

"இல்லாட்டி ஓடர் வேற ஆளுக்குப் போயிரும். போனா, கிறுகி வராது."

"நான் என்ட பேர்ல லோன் ஒண்டு போட்டுத் தரட்டா?"

"வீடு உங்கட பேர்ல. சைக்கிள் உங்கட பேர்ல. கறண்ட் பில்லும் உங்கட பேர்லதான் வருது. இது ஒண்டாவது என்ட பேர்ல இருக்கட்டும்."

"புள்ள, அட்டை எண்டா என்னெண்டு உனக்குத் தெரியாது. ஒட்டினா விடாது. ரெத்தத்தைக் குடிச்சிரும்."

"தெரியும். பதினெட்டு வருசமா ஒண்டோட குடும்பம் நடத்துறன்."

இந்த இடத்தில் ஓர் ஆண்மகன் என்ன செய்ய வேண்டும்? 'முடியாது' என்று சொல்ல வேண்டும். எனக்கு அந்தச் சொல் தொண்டை வரைக்கும் வரும், வெளியே வராது. அப்போதுதான் ஒரு யோசனை மின்னியது. நான் ஏன் சொல்ல வேண்டும்? நாள் முழுக்க 'இல்லை' சொல்வதற்கென்றே ஒரு கணினி இருக்கிறதே! அது சொல்லட்டும்.

"சரி புள்ள" என்றேன். "படிவத்தை நானே நிரப்பித் தாறன். நீ கையொப்பத்தை மட்டும் வை."

அன்று பின்னேரம் அவள் கீழே கையொப்பம் வைத்தாள். நான் மேலே நிரப்பினேன். விண்ணப்பதாரியின் தொழில்: இல்லை. மாத வருமானம்: இல்லை. சொந்த வியாபாரம்: இல்லை.

மூன்றாவது 'இல்லை'யில் பேனை கொஞ்சம் நின்றது. பொய்யா எழுதுகிறேன் என்று ஒரு சின்ன உறுத்தல். பிறகு சமாதானம் செய்துகொண்டேன். இல்லத்தரசி என்ற சொல்லே 'இல்ல' என்றுதானே தொடங்குகிறது? படிவத்தை உறையில் போட்டுக் கைப்பையில் வைத்துவிட்டு, நிம்மதியாகக் குளிக்கப் போனேன்.

புதன்கிழமை கணினி தன் கடமையைச் செய்தது. நாற்பது விநாடிகூட எடுக்கவில்லை. பதினாலாம் குறியீடு, இருபத்திரண்டாம் குறியீடு. நான் அந்த இரண்டு இலக்கங்களையும் என் வாசகத்தையும் அச்சிட்டு, 'திருமதி யசோதினி சிவதர்ஷன்' என்று முகவரி எழுதித் தபாலில் சேர்த்தேன். கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம்தான். முறை என்றால் முறை.

வியாழக்கிழமை வேலையால் வந்தபோது கடிதம் மேசையில் இருந்தது.

"கிடைக்கல்லயாம்" என்றாள்.

"அடடா!"

"ஏனாம்?"

"சிஸ்டம், புள்ள. நாம ஒண்டும் செய்ய ஏலாது."

"சிஸ்டம் எண்டா ஆர்?"

"ஆரும் இல்ல. அதுதான் சிஸ்டம்."

முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ரொட்டி நாலு சாப்பிட்டேன். துக்கத்தில் பசிக்கும் என்று அன்றுதான் தெரிந்தது. அவள் கடிதத்தை மடித்துத் தையல் பெட்டிக்குள் வைத்தாள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணி. 'இலக்கம் முப்பத்தொன்று' என்று ஒலிபெருக்கி கூப்பிட்டது. தலையை நிமிர்த்தினால் யசோதினி. நான் சாப்பாட்டுப் பெட்டியை மறந்துவிட்டு வந்தேனாக்கும் என்று கையை நீட்டினேன். அவள் கையில் இருந்தது இலக்கத் துண்டு. கதிரையை இழுத்து என் முன்னால் இருந்தாள்.

"விளக்கமளிக்கும் அலுவலர் நீங்கதானே, சேர்?"

பதினெட்டு வருடத்தில் அவள் என்னைச் 'சேர்' என்று கூப்பிட்டதில்லை. ஒரு கடிதத்தை நீட்டினாள். முத்து முத்தான எழுத்து. 'எனது விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டமைக்கான காரணத்தை விளக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.' அந்த வசனத்தில் என் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே ஒரு சொல்தான்: விளக்குமாறு. குசினிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்திருக்கிற சாமான் அது.

"வீட்ட வந்து சொல்றன் புள்ள" என்று மெல்லச் சொன்னேன்.

"வீட்டுல கேட்டன், சிஸ்டம் எண்டாங்க. அதான் இஞ்ச வந்த. பதினாலாம் குறியீடு எண்டா என்ன, சேர்?"

பின்னால் வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். காரணம் கேட்டால் சொல்லியே ஆகவேண்டும் என்பது சுற்றறிக்கை. அதை ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டியவனும் நான்தான்.

"தொழில்... இல்லை."

"இருவத்திரெண்டு?"

"வருமானம் இல்லை."

"அப்ப காலமையில இருந்து இருட்டும் வரைக்கும் நான் செய்யிறது என்ன, சேர்?"

அதற்குக் குறியீடு இருக்கவில்லை. திரையில் அவளுடைய படிவத்தின் படம் திறந்திருந்தது. மூன்று 'இல்லை'களும் என் கையெழுத்தில் வரிசையாக நின்றன. வீட்டு மேசையில் எழுதும்போது அவை எவ்வளவு சின்னதாக இருந்தன! அவளை எதிரில் வைத்துக்கொண்டு பார்க்க, கண் கூசியது.

சத்தம் கேட்டு முகாமையாளர் வந்துவிட்டார். மேனுகா மிஸ் என்னைவிடப் பத்து வயது குறைந்தவர்; அவர் கண்ணில் படாமல் ஒரு புள்ளியும் தப்பாது. திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"தர்ஷன் சேர், இது உங்கட எழுத்தில்லியா?"

தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்த வங்கி ஊழியனுக்கு என்ன நடக்கும் என்பதற்கும் ஒரு சுற்றறிக்கை உண்டு. பதினாறு வருட வேலை கண்ணுக்கு முன்னால் ஒரு முறை வந்து போனது.

"அவர் எழுதினதுதான், மிஸ்" என்றாள் யசோதினி. "நான் சொல்லச் சொல்ல எழுதினவர். நானும் வாசிச்சுப் பாக்காமக் கையொப்பத்த வச்சிட்டன். பிழை என்ட வாயில. திருத்தத்தான் வந்திருக்கன்."

மேனுகா மிஸ் கொஞ்ச நேரம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "சொந்தக்காரர்ட விண்ணப்பத்த நீங்க தொடக்கூடாது, சேர். வெளிய போய் எங்க ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி சொல்லுங்க" என்று அவளைத் தன் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனார்.

தேநீர் சொல்லப் போனால் பியோனைக் காணவில்லை. நானே கொண்டுபோனேன். உள்ளே மேசை நிறையப் பத்திரங்கள். பிரதேச செயலகத்தில் செய்த வியாபாரப் பதிவு. ஸஹீதா கையொப்பமிட்ட ஓடர்கள். எங்கள் வங்கியின் களுவாஞ்சிகுடிக் கிளையில் அவள் பெயரில் ஒரு கணக்குப் புத்தகம். அப்படி ஒன்று இருப்பதே எனக்குத் தெரியாது. மேனுகா மிஸ் பக்கம் பக்கமாகப் புரட்டி, "மாசம் சராசரி இவ்வளவு வருதா?" என்றார்.

அந்தத் தொகையை இங்கே எழுதமாட்டேன். என் சம்பளத்தைவிடக் கூட. அவ்வளவுதான் சொல்வேன். என் சம்பளம் எப்படி மாதக் கடைசி வரைக்கும் இழுபடுகிறது என்று நான் பல முறை வியந்ததுண்டு. என் சிக்கனம்தான் காரணம் என்று முடிவுகட்டியிருந்தேன்.

தட்டை வைத்தேன். தேநீர் கொஞ்சம் சிந்தியது.

"சீனி காணாது, சேர்" என்றாள் யசோதினி.

அவள் ஐந்து மணி வரைக்கும் காத்திருந்தாள். இருவருமாக மோட்டார் சைக்கிளில் வந்தோம். கல்லடிப் பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. கீழே வாவியில் ஒரு தோணிக்காரர் வலையைப் போட்டுக்கொண்டிருந்தார். பாலம் தாண்டியதும், "நிப்பாட்டுங்க" என்றாள். ஓரமாக நிறுத்தினேன்.

"ஏன் அப்படி எழுதினீங்க?"

"நாட்டு நிலைமை சரியில்ல புள்ள. வட்டி வீதம் கூடிக் குறையுது. இந்தக் காலத்தில கடன் எண்டா..."

"இது கடிதம். எனக்குக் காரணத்தச் சொல்லுங்க. விளங்கிற மாதிரி."

ஒரு வருடமாக நூற்றுக்கணக்கான பேருக்கு விளக்கம் கொடுத்தவன் நான். ஒருவருக்காவது காரணம் சொல்லியிருக்கிறேனா என்று அந்த இடத்தில்தான் யோசித்தேன். தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டேன்.

"பயம், புள்ள."

"என்ன பயம்?"

"அந்த மெசின் வந்தா நீ பெரிய ஆளாகிருவாய். நான் வெறும் பொதி இறக்கிற ஆளாகிருவன்."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"ஏழு மாரி போயிற்று. ஒரு மாரியிலயாவது என்ட உருப்படி நனைஞ்சிருக்கா? உங்கட மழைக்கோட்டக் கழட்டிப் பொதிக்குப் போட்டுட்டு, நீங்க தெப்பமா நனைஞ்சு வேலைக்குப் போவீங்க. ஸஹீதா ராத்தா ஒவ்வொரு தரமும் சொல்லுவா. அது தொழில் இல்லியா? நாம ரெண்டு பேரும் சேந்து செய்த தொழிலத்தான் நீங்க இல்லை எண்டு எழுதியிருக்கீங்க."

வாவியையே பார்த்துக்கொண்டு நின்றேன். தோணி கரைப்பக்கம் திரும்பியது. கடைசியில், "மிஸ்ஸுக்கிட்ட என்னக் காட்டிக் குடுத்திருக்கலாமே?" என்றேன்.

"என்னத்துக்கு? எனக்கு வேண்டியதத்தானே எழுதினீங்க."

"விளங்கல்ல."

"நீங்கதானே போன மாசம் சாப்பிடக்குள்ள சொன்னீங்க? சம்பளத்துண்டு இல்லாத ஆளுகள சிஸ்டம் எப்பவும் தள்ளிருமாம். அதுக்குப் பிறகு ஆரும் பாக்கமாட்டாங்களாம். படிவத்தில ஒரு தகவல் பிழையா இருந்தாத்தான் மனிசர் கையால எடுத்துத் திரும்பப் பாப்பாங்களாம்."

சொன்னேன்தான். நான் பேசும்போது அவள் குனிந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். சுவருக்குச் சொல்கிறேன் என்று நினைத்தேன்.

"உள்ளபடி எழுதியிருந்தா, சம்பளத்துண்டு இல்ல எண்டு தள்ளிப்போட்டு மூடியிருப்பாங்க. அதால நானே ஒரு பிழை விடுவம் எண்டுதான் இருந்தன். ஆனா நீங்க குளிக்கப் போகக்குள்ள பையைத் திறந்து பாத்தா, மூண்டு பிழை விட்டிருக்கீங்க." என் முதுகில் தட்டினாள். "எனக்கு ஒரு வேலையும் வைக்கல்ல நீங்க. எடுங்க சைக்கிள, பொழுது படுது."

ஆரையம்பதியில் மூன்று ஆடுகள் குறுக்கே வந்தன. அவற்றுக்குக்கூட ஹோன் அடிக்க மனம் வரவில்லை.

அடுத்த கிழமை கடனட்டை கிடைத்தது. அதற்கு அடுத்த கிழமை மெசின் வந்து முன்னறையில் ஏறியது. பெருநாளுக்கு நாலு நாள் இருக்க, இருநூறாவது உருப்படியை நான் ஸஹீதாவின் கடையில் இறக்கினேன். அவர் எனக்கு ஒரு பிளேன்டியும் மஸ்கட் இனிப்புத் துண்டொன்றும் தந்தார். ஏழு வருடத்தில் முதல் முறையாகப் பொதியை ஒவ்வோர் உருப்படியாக எண்ணிப் பார்த்து, 'எங்கட வேலை எப்படி?' என்று கேட்டேன். 'எங்கட' என்று சொல்லும்போது கூச்சமாகத்தான் இருந்தது.

வங்கியிலும் ஒரு காரியம் செய்தேன். மீராசாஹிப்பின் படிவத்தைத் தேடி எடுத்து, முதல் தடவையாக வாசித்தேன். ஆமாம், முதல் தடவை. வாசிக்காமல்தான் விளக்கம் கொடுத்திருந்தேன். அவர் 'சொந்தப் படகு இரண்டு' என்று தெளிவாக எழுதியிருந்தார். கணினியின் தொழில் பட்டியலில் படகுக்கு இடம் இல்லை. ஆகவே எங்கள் கிளையில் 'ஏனையவை' என்று அடித்து, வருமானத்தைப் பூச்சியமாக்கி அனுப்பியிருக்கிறார்கள். தகவல் பிழை, ஆனால் அது அவருடைய பிழையல்ல. என் பழைய வாசகத்தைத் தூக்கி எறிந்துவிட்டு அவருக்கு இப்படி எழுதினேன்: 'உங்கள் இரண்டு படகையும் கணினி காணவில்லை. நாங்கள் பிழையாகப் பதிந்துவிட்டோம். மீன் விற்ற சிட்டைகளோடு வாருங்கள். இந்த முறை ஆள் பார்ப்பார்.'

மேனுகா மிஸ் அதை வாசித்துவிட்டு, இனிமேல் எல்லாருக்கும் இப்படியே எழுதச் சொன்னார். எனக்குத் தலை கால் புரியவில்லை. ஒவ்வொரு குறியீட்டுக்கும் நல்ல தமிழில், விளங்கும்படி ஒரு விளக்கம் தயாரித்தேன். குளிக்கும்போதும் பாலம் தாண்டும்போதும் சத்தமாகச் சொல்லிப் பழகினேன். பேச்சுப்போட்டி நாட்கள் திரும்பி வந்த மாதிரி இருந்தது. இனி யாராவது ஏன் என்று கேட்கட்டும், பார்க்கலாம் என்று காத்திருந்தேன்.

திங்கட்கிழமை முதல் ஆளாகத் தேற்றாத்தீவில் இருந்து சீதேவி என்று ஒருவர் வந்தார். தயிர் வியாபாரம் செய்கிறவராம். கையில் நாங்கள் அனுப்பிய 'இல்லை'யும், ஒழுங்காகக் குத்திய பத்திரக் கட்டு ஒன்றும் இருந்தன. நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"இருங்கம்மா. உங்கட விண்ணப்பத்த சிஸ்டம் ஏன் ஏற்கல்ல எண்டா..."

"தெரியும் சேர்" என்றார் அவர். "தயிர 'ஏனையவை'க்குள்ள போட்டுட்டீங்க. திருத்தச் சொல்லிக் கடிதம் மேல இருக்கு, பால் குடுக்கிற ஆக்கள்ற சிட்டை கீழ இருக்கு. போன ஞாயித்துக்கிழம நீங்க இல்லாத நேரம் உங்கட வீட்டுல யசோதினியக்கா எங்க பன்ரெண்டு பேருக்கும் எல்லாம் விளங்கப்படுத்திட்டா." கட்டைப் புரட்டி, கடைசித் தாளில் பென்சிலால் புள்ளடி போட்டிருந்த இடத்தைக் காட்டினார். "சேர் பேசத் தொடங்கினா நேரம் போயிருமாம். இந்த இடத்தில ஒரு ஒப்பம் மட்டும் வாங்கிட்டு வரச் சொன்னா."